வண்டியின் கம்ப்யூட்டரை மாற்றிய பிறகு



முன்னெல்லாம் டீசல் வண்டிக்கு டைமிங் வைப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஃப்ளைவீலில் ஒரு கோடு, பம்பில் ஒரு கோடு. பம்பை லேசாகத் திருப்பி, போல்ட்டை முடுக்கி, புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, "சரியாப் போச்சுங்க" என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். இன்றைக்கு நம் வாசலில் நிற்கிற பிக்கப் வண்டியில் அந்த வேலையை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 விதிப்படி வந்த டீசல் லாரி, பிக்கப் எல்லாமே இப்படித்தான். அந்தப் பெட்டி கெட்டு, வேறு பெட்டி மாட்டினால், மாட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிற பிக்கப். சட்டத்தில் விரிசல் விட்டிருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றாமலே வெல்டிங் வைத்தார்கள், கம்ப்யூட்டர் போயிற்று. வேறொரு வண்டியில் கழற்றிய பெட்டியை வாங்கி, சாவியை அதற்கு ஒத்துப்போகச் செய்து மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தில் உதறல், மேடு ஏறினால் கரும்புகை, டீசலும் கூடுதலாகக் குடித்தது. "இன்ஜெக்டர் நாலும் போச்சு, மாத்தணும்" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அதற்காக நகையை அடகு வைக்கக்கூட அந்தக் குடும்பம் தயாராகிவிட்டது. உண்மையில் இன்ஜெக்டரில் ஒரு குறையும் இல்லை. பழைய வண்டியின் இன்ஜெக்டர் குறியீடுகள் அந்தப் பெட்டிக்குள் அப்படியே இருந்தன. சரியான நாலு குறியீட்டையும் ஏற்றியதும் உதறல் நின்றது.

அது என்ன குறியீடு என்று கேட்பீர்கள். ஒரே அச்சில் வார்த்தாலும் இரண்டு இன்ஜெக்டர் ஒன்றுபோல டீசல் விடாது. ஒன்று இம்மி கூட விடும், ஒன்று இம்மி குறைய விடும். அந்த வித்தியாசத்தைத் தொழிற்சாலையிலேயே அளந்து, எண்ணும் எழுத்துமாக அதன் தலையில் பொறித்திருப்பார்கள். முதல் சிலிண்டரின் குறியீட்டை முதல் சிலிண்டருக்கே ஏற்ற வேண்டும்; இடம் மாறினாலும் தப்புதான்.

இனி டைமிங். இந்த எஞ்சினில் திருப்புவதற்குப் பம்பில் ஒன்றும் இல்லை. கிராங்க் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து 58 பல்தான் வெட்டியிருப்பார்கள். அந்த இரண்டு பல் விட்ட இடைவெளிதான் கம்ப்யூட்டருக்குக் கோடு. எந்தச் சிலிண்டரின் முறை என்பதைக் கேம் தண்டின் சென்சார் சொல்லும். இரண்டையும் வைத்து, எப்போது, எவ்வளவு டீசல் என்று பெட்டி முடிவு செய்கிறது. ஆகவே உங்கள் எஞ்சினுக்கு உரிய புரோகிராம் பெட்டியில் இருந்தால் டைமிங்கும் அதிலேயே இருக்கும். டைமிங் பெல்ட்டோ செயினோ ஒரு பல் தாண்டியிருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அதைச் சரிசெய்யாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும். புரோகிராம் ஏற்றும்போது பேட்டரியோடு சார்ஜர் சேர்ந்திருக்கட்டும். நடுவில் மின்சாரம் இறங்கினால் புதுப் பெட்டியும் வீணாகும்.

சென்சார்களைச் சோதிக்க விடிகாலைதான் நல்ல நேரம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தண்ணீர், உள்ளே போகும் காற்று, டீசல் மூன்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 காட்டினால் அதன் ஒயர் அறுந்திருக்கலாம். நம்ம ஊரில் மைனஸ் 40 ஏது? காற்றழுத்தம் சமவெளியில் 1000 மில்லிபாரை ஒட்டியும், ஊட்டியில் 775-ஐ ஒட்டியும் இருக்கும். எஞ்சின் ஓடாதபோது ரெயிலில் டீசல் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் எண் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். அந்தப் பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு; பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட்டில் பாதியை மற்றது காட்டும்.

ஒரு எச்சரிக்கை. லாரி டயரில் 7, 8 பார் காற்று. இந்த ரெயிலில் 1600 பாரும் அதற்கு மேலும் உண்டு. ஓடுகிற எஞ்சினில் டீசல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிபோலத் தோலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பி.எஸ். 6 வண்டியில் புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. அதில் எவ்வளவு கரியும் சாம்பலும் சேர்ந்திருக்கிறது என்பது புதுப் பெட்டிக்குத் தெரியாது. பழைய கணக்கை எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் கரியை எரிக்கும்போது வடிகட்டி 600 டிகிரி வரை சூடேறும். வைக்கோல் பரப்பிய களத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எரிக்க விடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்தபின் பாரம் ஏற்றாமல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நல்ல சாலையில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துத் தானாக உருள விடுங்கள். பல வண்டிகளில் அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரின் சின்னச் சின்ன அளவுகளைக் கற்றுக்கொள்கிறது.

இன்னொன்று. பெட்டி கெட்டது என்று ஒருவர் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். ஃபியூஸ், எர்த் ஒயர், எலி கடித்த இடம் எல்லாம் பார்க்கட்டும். பல சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டிதான் பங்கிட்டுத் தருகிறது. அதில் ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே பெட்டியே செத்ததுபோலத் தோன்றும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

வண்டி நன்றாக ஓடுகிற இப்போதே, அடுத்த சர்வீசுக்குப் போகும்போது நாலு இன்ஜெக்டரின் குறியீட்டையும் ஸ்கேனரில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிலிண்டர் வரிசைப்படி கணக்கு நோட்டில் எழுதி, வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். பெட்டி செத்த பிறகு அதைக் கேட்டால் பதில் சொல்லாது.