நம் போர்வெல்லில் வருவது பாலாறுதான்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதனூரில் பாலாற்றைக் கடக்கும்போது, "ஆறுன்னு சொல்றீங்க, வெறும் மணலா இருக்கே?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் நம் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிறது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் மணலில் ஊற்றுக்கால் தோண்டி வயலுக்குப் பாய்ச்சினார்கள். இன்று நாம் போர்வெல் போட்டு எடுக்கிறோம்.

நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. காய்ந்து கிடந்தாலும் தன் வழியை அது மறக்கவில்லை. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோனது. 2021 நவம்பரில் மாதனூர்-குடியாத்தம் சாலையின் தரைப்பாலத்தை அடித்துச் சென்றது.

வெள்ளம் வந்து போய்விடும்; உப்பு போவதில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அதைக் கழுவிய தண்ணீரை நிலத்தில் விட்டால் உப்பு மண்ணில் இறங்கி, கிணற்று நீரைக் கரிக்க வைத்துவிடும். டேனரிக் கழிவுகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானது என்ற ஆய்வை 1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கியது நம் பாலாற்று வழக்குதான். 2025 ஜனவரியிலும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தந்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க உத்தரவானது.

தோல் தொழில் நம்மில் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்வதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. நம் செப்டிக் டேங்க் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை.

இரண்டு வேண்டுகோள்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீதைக் காட்டும் லாரிக்கு மட்டும் பணம் கொடுப்போம். மண் அடைத்துக் கிடக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டியை ஐப்பசிக்குள் தூர்வாருவோம். எடுக்கிற ஆற்றுக்குக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுப்போம்.