ஏரியின் மீன் எவருடையது?

 



உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் தன் திருமறையில் (21:30) அறிவிக்கின்றான். நீரில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் நமக்கு ஹலாலாக்கியதாக மற்றோரிடத்தில் (5:96) கூறுகின்றான். ஆகவே, மீன் பிடிப்பது குற்றமன்று. அது அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்று. நம் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்கூடங்களில் வாரம் முழுவதும் சூளையின் வெப்பத்தில் உழைக்கும் இளைஞர், விடுமுறை நாளில் தூண்டிலோடு நீர்க்கரையில் அமர்ந்தால் அதைத் தவறென்று எவரும் சொல்ல இயலாது.

ஆனால், அந்தத் தூண்டில் விழும் நீரில் இன்னொருவருக்கு உரிமை இருக்குமானால்? இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான். மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் தண்ணீர் வரும் காலங்களிலும், சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பும் காலங்களிலும் கரைகளில் எழும் சச்சரவுகளை நீங்கள் அறிவீர்கள். குத்தகைதாரர் ஒருபுறம், தூண்டில் போடுவோர் மறுபுறம். "பணம் கட்டியவன் நான், கரையில் ஒருவரும் நிற்கக் கூடாது" என்கிறார் ஒருவர். "மீன் அல்லாஹ் கொடுத்தது, தடுப்பதற்கு நீ யார்?" என்கிறார் மற்றவர். இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் மனிதன் முழு அநீதியைச் செய்கிறான்.

நீர் பொதுவானது

இங்கிலாந்து போன்ற நாடுகளில், கடல் ஏற்றம் எட்டாத ஆறுகளில் மீன்பிடிக்கும் உரிமை பொதுவாகக் கரை நிலத்தின் சொந்தக்காரரையே சாரும். அங்கே தூண்டில் போட விரும்புபவர் அரசின் உரிமச் சீட்டையும் பெற வேண்டும். உரிமையாளரின் அனுமதியையும் பெற வேண்டும். நம் நாட்டிலோ ஆறுகளும் பெரிய ஏரிகளும் அரசின் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்து. ஆயினும், அவற்றுள் பலவற்றின் மீன்பிடி உரிமை மட்டும் தனியாக ஏலம் விடப்படுகிறது. மீன்வளத் துறையோ உள்ளாட்சி அமைப்போ குத்தகைக்கு விட, கூட்டுறவுச் சங்கமோ தனிநபரோ பணம் செலுத்தி எடுக்கின்றனர்.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டும். குத்தகைக்குப் போவது மீன்பிடி உரிமை. தண்ணீர் குத்தகைக்குப் போவதில்லை. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (அபூதாவூத்). தேவைக்கு மிஞ்சிய நீரை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என்று எச்சரித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய பின் பொதுமக்களுக்கே அர்ப்பணித்து, தம் வாளியும் மற்றவர் வாளியும் சமமாக அதில் இறங்கும்படி செய்தார்கள்.

ஆகவே, மீன் குத்தகை எடுத்தவர் ஆடுமாடுகள் நீர் அருந்துவதைத் தடுப்பதும், நடந்து செல்பவரைக் கரையிலிருந்து விரட்டுவதும் அவருக்கு இல்லாத உரிமையைத் தாமே எடுத்துக்கொள்வதாகும். மீனை எளிதில் அள்ளுவதற்காக மதகைத் திறந்து நீரை வடியவிடுவது இன்னும் கொடியது; அந்த நீரை நம்பிப் பயிர் வைத்த உழவரின் வயிற்றில் அடிக்கும் செயல் அது. திட்டக்குடி அருகே 1923இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் நீர்த்தேக்கத்தை எண்ணிப் பாருங்கள். லால்பேட்டையை ஒட்டி விரிந்து கிடக்கும் வீராணத்தை எண்ணிப் பாருங்கள். வயலுக்குப் பாய்வதும் அந்த நீர்தான். 2004 முதல் சென்னை மக்களின் தாகம் தீர்க்க வீராணத்திலிருந்து செல்வதும் அந்த நீர்தான். ஒரு நீர்நிலையில் எத்தனை பேரின் பங்கு இருக்கிறது! தானும் தீங்கு செய்யக் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது நபிகளார் வகுத்த அடிப்படை விதி.

மீனில் உள்ள உரிமை

இப்போது மறுபுறம் வருவோம். "ஓடுகிற மீனுக்கு ஏது சொந்தக்காரன்?" என்று கேட்பவருக்கு ஃபிக்ஹு நூல்கள் விடை தருகின்றன. எவரும் வளர்க்காமல் ஆற்றிலும் கடலிலும் இயல்பாகத் திரியும் மீன் முபாஹ். முதலில் பிடிப்பவருக்கே அது சொந்தம். ஆனால், ஒருவர் தம் குளத்தில் தாமே மீனைக் கொண்டு வந்து விட்டு வளர்த்தால், அது அவரது உடைமை என்று நம் ஹனஃபி மத்ஹபின் ஃபுகஹாக்கள் விளக்கியுள்ளார்கள்.

ஏரிக் குத்தகைதாரர் என்ன செய்கிறார்? கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விலை கொடுத்து வாங்கி விடுகிறார், தீவனம் இடுகிறார், இரவில் காவல் காக்கிறார், பெரும்பாலும் கடன் வாங்கியே இவற்றைச் செய்கிறார். அந்த மீனைக் கேட்காமல் பிடிப்பது அவருடைய பணப்பையில் கைவிடுவதற்கு ஒப்பாகும். ஒருவரது கால்நடையின் பாலை அவர் அனுமதியின்றிக் கறக்க வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், உங்கள் உணவுச் சேமிப்பு அறையை ஒருவர் உடைத்து எடுத்துச் செல்வதை நீங்கள் விரும்புவீர்களா என்னும் கருத்தில் வினவினார்கள் (புகாரி). ஏரி, அவருடைய சேமிப்பு அறை.

நாட்டின் சட்டமும் இந்த உரிமையை மதிக்கிறது. ஒரிசாவின் சில்கா ஏரி தொடர்பான வழக்கில், மீன்பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து விளையும் பலனைப் போன்ற ஒரு சொத்துரிமை என 1955இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய ஏரியில் குத்தகைதாரர் விட்ட மீனும் இயற்கையாக வந்த கெளுத்தி, விரால் போன்றவையும் கலந்திருக்குமே என்று ஒருவர் வாதிடலாம். நீர்நிலையைக் குத்தகைக்கு விடும் முறை பற்றியும் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால், நம் தூண்டிலில் எது சிக்கும் என்பது நம் கையில் இல்லை. வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் ஆடு மேய்ப்பவனின் ஆடு உள்ளே புகுந்துவிடக் கூடும் என்று உவமை கூறி, சந்தேகமானதை விட்டு விலகுமாறு நபியவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அனுமதி கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்காமல் எடுத்ததற்கு மறுமையில் பதில் சொல்ல எவ்வளவு காலம் நிற்க வேண்டியிருக்குமோ!

சனிக்கிழமை மீன்கள்

திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் (7:163) கடலோர ஊர் ஒன்றின் செய்தியைக் கூறுகிறது. பனூ இஸ்ராயீல்களுக்குச் சனிக்கிழமை மீன் பிடிப்பது தடுக்கப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் திரள் திரளாக வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. அது அவர்களுக்குச் சோதனை. அவர்கள் தந்திரம் செய்து வரம்பு மீறினார்கள், அழிந்தார்கள்.

காவலாளி இல்லாத நேரத்தில் மீன் துள்ளுவதும் ஒரு சோதனைதான். நம் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை முதலான கிழக்குக் கடற்கரை ஊர்களில், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருகுவதற்காக விடப்பட்ட காலம் அது. வருமானம் இழந்தும் வரம்பைப் பேணும் அந்த மீனவர்களிடம், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் எடுப்பவர்கள் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. முதல் மழையில் எதிரேறி வரும் சினை மீனை அள்ளுவது அடுத்த ஆண்டின் உணவை இன்றே அழிப்பதாகும்.

நஞ்சு கலப்பதும், வெடி வைப்பதும், மின்சாரம் பாய்ச்சுவதும் இவற்றினும் கேடானவை. வெடியையும் நஞ்சையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. சுண்ணாம்பு கலப்பதும் அதில் அடங்கும். மின்கம்பியை நீரில் இட்டவர் தாமே உயிரிழப்பதும் உண்டு. உயிருள்ள ஒன்றை வெறும் இலக்காக்கி விளையாடுவதை நபிகளார் தடுத்துள்ளார்கள் (முஸ்லிம்). உண்பதற்கன்றி, துடிப்பதைக் கண்டு மகிழ்வதற்காகத் தூண்டில் போடுபவர் இதைச் சிந்திக்கட்டும்.

கரையின் ஒழுக்கமும் ஈமானைச் சேர்ந்ததே. அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிந்தால் கொக்கின் கால் சிக்கும். முள்ளை எறிந்தால் குழந்தையின் பாதம் கிழியும். நீர்த்துறையில் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயல்களுள் ஒன்றாக நபியவர்கள் எண்ணியிருக்க (அபூதாவூத்), காலிப் புட்டிகளையும் பாலிதீன் பைகளையும் அங்கே விட்டு வருவது நமக்கு அழகாகுமா? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் போட்டு வருவது எதன் கிளை?

உமர் (ரலி) காட்டிய வழி

இரு தரப்புக்கும் நீதி செய்வது எப்படி? ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அரசின் கால்நடைகளுக்கென ஒரு மேய்ச்சல் நிலம் வேலி காக்கப்பட்டது. அதற்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்த கலீஃபா, அவருக்குச் செய்த உபதேசம் புகாரியில் பதிவாகியுள்ளது. மக்களிடம் கடுமை காட்டாதே. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவை அஞ்சிக்கொள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃபு, இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளை விட வேண்டாம் என்பது அதன் சாரம். செல்வருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான் என்று காரணமும் கூறினார்கள்.

வேலியும் இருந்தது, வாசலும் இருந்தது. அந்த வாசல் ஏழைக்காகத் திறந்தது. நம் சமுதாயத்தில் குத்தகை எடுத்திருக்கும் சகோதரர்களே! ஒரு வேளைக் குழம்புக்காக ஒற்றைத் தூண்டிலோடு அமரும் முதியவரை, அவர் எச்சமயத்தவராயினும், விரட்டாதீர்கள். அறுவடையில் ஏழைக்குப் பங்கு விடும் நமக்கு, ஏரியில் நான்கு கெண்டை விட்டுக்கொடுப்பது நஷ்டமாகாது, பரக்கத்தாகும். வணிகத்திற்காக வலையோடு வருபவரைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தடுக்கும்போதும் நாவையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் எடுக்கும் இளைஞர்களே! கேட்டுவிட்டுப் போடுங்கள். மறுத்தால் சிரித்த முகத்தோடு திரும்புங்கள். முன்பு கேட்காமல் எடுத்திருந்தால், அதன் மதிப்பைக் கொடுத்தோ மன்னிப்புக் கேட்டோ இவ்வுலகிலேயே ஹலாலாக்கிக் கொள்ளுங்கள். இது ஹக்குல் இபாத்; உரியவர் மன்னிக்காதவரை தொழுகையும் நோன்பும் இதைத் தீர்த்துவிடா. மலையளவு நன்மையோடு வந்து, பிறர் உரிமைக்கு ஈடாக அனைத்தையும் இழந்து நிற்பவனையே திவாலானவன் என நபியவர்கள் அடையாளம் காட்டினார்கள் (முஸ்லிம்).

தாய்மார்களே! பிள்ளை மீன் கொண்டு வந்தால், மஞ்சள் தடவுமுன் எங்கே பிடித்தாய், யாரிடம் கேட்டாய் என்று விசாரியுங்கள். ஹராமான உணவு வயிற்றில் இருக்கையில் துஆ எப்படி ஏற்கப்படும்? உங்கள் அந்த ஒரு கேள்வி, நூறு குத்பாக்களை விட அவன் உள்ளத்தில் ஆழமாகப் பதியும்.

வல்ல ரஹ்மான் நம் உணவை ஹலாலாக்குவானாக! பிறர் உரிமையை மதிக்கும் உள்ளத்தையும், நம் உரிமையில் ஏழைக்கு இடமளிக்கும் தாராளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் நீர்நிலைகளை நிறைத்து, அவற்றின் கரைகளில் அமைதியை நிலவச் செய்வானாக!

ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!