ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறதா?



காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றிக்கொள்ளக் காற்று முதலில் வீட்டுக்குள் வர வேண்டுமே!

அடுக்குமாடி வீடு வாங்கச் செல்பவர்கள் விலையைக் கேட்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தைக் கேட்கிறார்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், சட்டம் அதைக் கேட்கிறது.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களின் 39ஆவது விதி தெளிவானது. குடியிருப்பு அறை ஒன்றின் ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. தடையின்றிக் காற்று புகும் திறப்பு 5 விழுக்காடாவது இருக்க வேண்டும். கழிவறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு தேவை.

மூன்று மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட படுக்கையறையின் பரப்பு 9 சதுர மீட்டர். அதற்கு 0.9 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும், அதில் 0.45 சதுர மீட்டர் திறக்க வேண்டும். இரண்டு கண்ணாடிகள் கொண்ட நகர்த்தும் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். அதாவது, சட்டம் கேட்கும் அளவுக்குச் சரியாக இருக்கும். மிச்சம் எதுவும் இல்லை. அந்தத் திறப்பின் முன் ஓர் அலமாரியை நிறுத்தினால் போதும், கணக்கு உடைந்துவிடும்.

அளவு சரியாக இருந்தாலும், வரும் காற்றுக்கு வெளியேற இன்னொரு வழி வேண்டும். கூடத்து ஜன்னலில் நுழையும் காற்று, சமையலறையைக் கடந்து துணி உலர்த்தும் பின்கட்டு வழியாக வெளியேறினால்தான் வீடு குளிரும்.

பலர் முதலில் அடைப்பது அந்தப் பின்கட்டைத்தான். கண்ணாடி போட்டுச் சமையலறையைப் பெரிதாக்குகிறார்கள். இடம் கூடுகிறது, காற்று நின்றுவிடுகிறது. குளியலறை ஜன்னல் பின்கட்டைப் பார்த்து இருந்தால் அதுவும் பயனற்றுப் போகிறது. தாளிக்கும் புகையும் ஈரமும் உள்ளேயே தங்கிச் சுவரில் பூஞ்சை படர்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் வயதான பாட்டிக்கும் அந்தச் சுவரே பகையாகிறது. அடைத்த அறையில் நோய் எளிதில் பரவும் என்பதைக் கோவிட் காலமும் கற்பித்துச் சென்றது.

புதுப்பிப்பு வேலைக்கு முன் கட்டட நிர்வாகத்திடமும், தேவைப்படும் இடத்தில் ஊராட்சி மன்றத்திடமும் அனுமதி பெற வேண்டும். அதற்கும் முன்பாக, ஓர் அளவுநாடாவை எடுத்து ஜன்னல் உண்மையில் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து பாருங்கள். வீட்டின் விலையில் காற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். அதை நீங்களே அடைத்துவிடாதீர்கள்.