பெயரளவில் மாநிலங்களவை

(மங்கலம்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடாளுமன்றத்திற்கு இரண்டு அவைகள் எதற்கு? மக்கள்தொகை மிகுந்த நிலங்கள், தம் எண்ணிக்கை வலிமையால் பிற இனங்களின் உரிமையை நசுக்காதவாறு தடுக்கவே இரண்டாவது அவை. அமெரிக்க ஒன்றியத்தின் மேலவையில், பெரிய கலிபோர்னியாவுக்கும் இருவர். சிறிய வயோமிங்குக்கும் இருவர். தன் இசைவின்றி எந்த மாநிலமும் அச் சமநிலையை இழக்காது.

இங்கோ, மாநிலங்களவைக்கும் மக்கள்தொகையே அளவுகோல்! உத்தரப்பிரதேசத்திற்கு 31 இடங்கள், தமிழ்நாட்டிற்கு 18, நாகாலாந்திற்கு ஒன்றே ஒன்று. பணச் சட்ட வரைவை அவ்வவை 14 நாள்களுக்கு மேல் நிறுத்திவைக்க இயலாது. பொதுச் சட்ட வரைவை மறுத்தாலோ, ஈரவைகளையும் ஒருங்கே கூட்டி, மக்களவையின் எண்ணிக்கையால் வென்றுவிடலாம். அரசமைப்புத் திருத்தத்திற்கு இவ்வழி இல்லை என்பதொன்றே ஆறுதல்.

இன்னும் கேளுங்கள். வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால், மாநிலப் பட்டியலிலேயே நடுவணரசு சட்டம் இயற்ற இவ்வவை கதவு திறந்துவிடும். காவலனே கன்னக்கோலை எடுத்துக் கொடுப்பதா? அந்தந்த மாநிலத்து வாக்காளரே அதன் உறுப்பினராகலாம் என்னும் கட்டுப்பாட்டையும் 2003-இல் நீக்கினர். 2006-இல் உச்ச நயன்மன்றமும் அதை ஏற்றது.

தோழர்களே! நம் முதுகுன்றத்துப் பீங்கான் பாவையை வாயிலில் நிறுத்தினால் அழகு, காவல் ஆகாது. மாநிலந்தோறும் ஒத்த இடங்கள், அம்மண்ணின் மக்களுக்கே உறுப்பாண்மை, மாநில உரிமையைப் பறிக்கும் சட்டத்தைத் தடுக்கும் வலிமை ஆகிய மூன்றையும், வாக்குக் கேட்டு வருவோர் எவராயினும் அவரிடம் கேளுங்கள். விடை சொல்லாமல் விடாதீர்கள்!

வெல்க தமிழர் உரிமை!