மின்சாரமும் தலையெழுத்தும்

(மந்தாரக்குப்பம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மின்சாரச் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். நான் இஞ்சினீயருமல்ல, வக்கீலுமல்ல. சட்டப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்ததில் எனக்கு விளங்கியதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக் கொள்ளாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

மின்சார பில் ஏறினால் நம் மக்கள் "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். தலையில் எழுதுகிறவனுக்கு யூனிட் கணக்கு எப்படித் தெரியும்? அதிலும் இந்த ஊரில் இருந்து கொண்டு அப்படிச் சொல்லலாமா? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கருப்பாய் ஏதோ வந்தது. பூமாதேவியின் கோபமென்று கற்பூரம் கொளுத்தி மூடியிருந்தால் இன்று நெய்வேலி ஏது? சோதித்துப் பார்த்தார்கள், 1957-இல் சுரங்கம் வெட்டத் துவங்கினார்கள், 1962-இல் மின்சாரம் வந்தது. கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக் கொண்டிருக்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தால்தான் பள்ளத்தில் ஆள் நிற்க முடியும். மந்திரத்தால் அது நிற்குமானால் பம்புச் செலவாவது மிச்சம்!

சரி, நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு விலை வைப்பவர் யார்? 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது மாகாணத்து ஒழுங்குமுறைக் கமிஷனின் வேலை. விலை கேட்டு வரும் மனுவை ஊரறியப் பிரசுரிக்க வேண்டும். ஜனங்களின் ஆட்சேபணையைக் கவனித்து 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இது 64-ஆவது பிரிவு. அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். யாருக்காவது சலுகை காட்ட வேண்டுமென்று சர்க்கார் நினைத்தால், அந்தப் பணத்தைச் சர்க்காரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும்.

ஆகவே, குடியானவனுக்கு இலவச மின்சாரம் கொடுத்துத்தான் மின்சார இலாகா முழுகிப் போயிற்று என்று யாராவது பேசினால், சர்க்கார் எவ்வளவு கட்டிற்று, எப்போது கட்டிற்று என்று கேளுங்கள். நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அநேகம் பம்பு செட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. ஓடின யூனிட் எவ்வளவு என்பது வெறும் மதிப்பு. மீட்டர் வைத்தால் இலவசம் போய்விடுமென்று பயப்படுகிறோம். பயத்திற்குக் காரணமில்லாமலில்லை. ஆனால் கணக்கே இல்லையென்றால் எவன் சொன்னதும் கணக்காகிவிடுமே!

எட்டு வருஷம் ஏறாமலிருந்த விலையை 2022 செப்டம்பரில் ஏற்றினார்கள். அதற்கு முன் ஆகஸ்டில் கோயமுத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று பட்டணங்களில் ஜனங்களை அழைத்து விசாரித்தார்கள். நிலம் கொடுத்து, சாம்பலைச் சுவாசிக்கும் இந்தக் கடலூர் ஜில்லாவுக்கு ஒரு நாள் கூட ஒதுக்கவில்லை. அவர்கள்தான் ஒதுக்கவில்லை, நாமாவது கேட்டோமா? திருவிழாவுக்கு லாரி பிடித்துப் போகத் தெரிந்த நமக்கு, நம் பாக்கெட்டிலுள்ள பணத்தைப் பற்றிய விசாரணை நடந்த சங்கதியே தெரியாது!

அடுத்த மனு வரும்போது, விசாரணையை இந்த ஜில்லாவிலும் நடத்த வேண்டுமென்று கேட்டு எழுதுவோம். தமிழிலேயே எழுதுவோம். பம்பு செட்டு வைத்திருப்பவர்களும், நிலம் கொடுத்தவர்களும், மாதச் சம்பளக்காரர்களும் கூட்டம் முடிந்ததும் வாசலிலுள்ள தோழரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பழைய பில் இருந்தால் நாளைக்குக் கொண்டு வாருங்கள்.