மெலிந்த உடலும் கெட்டிப்படும் இரத்தமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கரை நோய் என்றாலே ஐம்பதைக் கடந்தவர்களின் நோய், உடல் பருத்தவர்களின் நோய் என்று எண்ணிப் பழகிவிட்டோம். சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு முறையில் சென்று வரும் இளைஞரிடம் இதைப் பற்றிப் பேசினால், "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போகிறார். அந்தச் சிரிப்புக்கு மருத்துவ அறிவியல் தரும் பதிலை எடுத்துரைக்கவே இங்கு நிற்கிறேன்.

நாம் உண்ணும் சோறும் களியும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதனைத் தசைகளுக்குள் அனுமதிக்கும் திறவுகோல், கணையம் சுரக்கும் இன்சுலின். சிலருடைய உடலில் அந்தத் திறவுகோலுக்குப் பூட்டு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. இக்காலத்தில் சர்க்கரை அளவு பல ஆண்டுகள் சரியாகவே இருக்கக்கூடும். கணையம் களைத்த பின்னரே நோய் வெளிப்படுகிறது.

இந்நிலைக்கும் இரத்தத்தின் ஓட்டத்திற்கும் தொடர்பு உண்டு. சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 8 மைக்ரான். மிக நுண்ணிய தந்துகிக் குழாய்களின் அகலமோ 5 மைக்ரான் அளவே. அணு வளைந்து நெளிந்துதான் நுழைய வேண்டும். நோயற்றவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலேயே, இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தவர்களின் இரத்தம் சற்றுக் கெட்டியாக இருப்பதும், அதில் சிவப்பணுக்களின் விகிதம் கூடியிருப்பதும் காணப்பட்டன. ஓட்டம் மந்தமானால் குளுக்கோஸும் இன்சுலினும் தசையைச் சென்றடைவதும் தடைப்படும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஒல்லியாயிருப்பது காப்பாகாதா? 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில், புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் தங்கள் உடல்களையே சான்றாக வைத்தனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் நாட்டவரின் மெலிந்த உடலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

ஆகவே எடையை மட்டும் பாராதீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. தாய் தந்தையருக்குச் சர்க்கரை நோய் இருப்பின் நாற்பது வரை காத்திராமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இரத்தத்தைக் கெட்டிப்படுத்துகிறது. இன்சுலின் எதிர்ப்பையும் வளர்க்கிறது. இரவு ஷிப்டு முடித்தவர்கள் பகலில் போதிய அளவு உறங்க வேண்டும். வேலையிடையே குளிர்பானமும் இனிப்புத் தேநீரும் குறையட்டும்.

இதற்கு மலிவான மருந்து நடைப்பயிற்சியே. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும். தொடர்ந்து நடப்பவர்களின் இரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகி, ஓட்டமும் இலகுவாகும். நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள் போதும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு வரும் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நம் ஜமாஅத்தும் ஆண்டுக்கொரு முறை இளைஞர்களுக்கென இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கும் முகாம் நடத்த முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கும் தோள்கள் அவர்களுடையவை. அவை நோயின்றி நீடிக்க வேண்டும்.