தலைவர் என்றால் கணக்குச் சொல்ல வேண்டும்

(குமாரலிங்கபுரத்தில் நடந்த வாலிபர் கூட்டத்தில் பஞ்சாலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் ஆற்றிய உரை)



எனக்கு வயது இருபத்து மூன்று. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தலைவர்களைப் பற்றியும் வியாபாரத்தைப் பற்றியும் நம் கஷ்டத்தைப் பற்றியும் வாலிபர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

நம்முடையது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், மல்லி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அல்லது திருப்பூர் பஸ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் வெளியூரில் ஒரு நூற்பாலைக்குப் போனேன். அங்கேயே விடுதி. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். இரண்டே முக்கால் வருஷத்தில் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினேன். தொகை இல்லை என்று கைவிரித்து விட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்தத் தாளை அன்றைக்கு என்னைப் படிக்க விடவில்லை!

இப்போது ஆலை நம் ஊரைத் தேடி வருகிறது. மத்திய சர்க்கார் 4,445 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் ஏழு ஜவுளிப் பூங்காக்களை 2023 மார்ச் 17ந் தேதி அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு உள்ளது நம் குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில். ஒவ்வொரு பூங்காவிலும் நேரடியாக ஒரு லட்சம் பேருக்கும், மறைமுகமாக இரண்டு லட்சம் பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது சர்க்கார் சொல்லும் கணக்கு. பண்ணையிலிருந்து இழை, இழையிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து ஆடை, ஆடை அயல்நாட்டுக்கு என்று ஐந்து படியும் சொல்கிறார்கள். நல்லது. அந்த ஐந்து படியில் நாம் எந்தப் படியில் நிற்போம்? என்ன கூலிக்கு நிற்போம்? இதைக் கேட்பது தப்பா?

அயல்நாட்டு வியாபாரம் எப்படிப்பட்டது என்று 2025 ஆகஸ்டு மாதம் காட்டியது. அமெரிக்கா நம் சரக்குகளுக்கு விதித்த வரி அந்த மாதம் 27ந் தேதி 50 சதவீதமாயிற்று. அதில் பாதி, ருஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்றார்கள். எண்ணெய் வாங்கியவர் யாரோ. ஆர்டர் நின்று ஓவர்டைமை இழந்தவள் திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நம் பெண்!

அதே மாதம் 19ந் தேதி, அந்நியப் பஞ்சு மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நம் சர்க்கார் நீக்கியது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள். பிறகு டிசம்பர் வரை நீட்டினார்கள். பஞ்சு விலை தாங்கவில்லை என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள்; இருக்கலாம். ஆனால் கிடங்கில் அந்நியப் பஞ்சு நிறைந்திருந்தால், மாசி பங்குனியில் நாம் எடுக்கும் பருத்தியை யார் விலை கேட்பார்கள்? நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26ல் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் ஆதார விலை அறிவித்தார்கள். அந்த விலைக்கு எடுக்க ஆள் வராவிட்டால் அது தாளில் எழுதிய விலைதான்.

ஆக, ஒரே மாதத்தில் அப்பாவின் பருத்திக்கும் மகளின் கூலிக்கும் இடி விழுந்தது. நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோழர்களே! தலைவர் விஷயத்தில் விருதுநகர் ஜனங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. காமராஜர் இந்த மண்ணின் பிள்ளை. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியும் மதிய உணவும் தந்தவர். அப்பேர்ப்பட்டவரே 1967ல் சொந்த ஊரில் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசிப் பஞ்சமும் விலைவாசியும் மொழிப் போராட்டமும் அன்று பேசின. பெரியவர்கள் இன்னும் அதற்காக வருந்துகிறார்கள். நான் கற்ற பாடம் வேறு: எவ்வளவு பெரிய தலைவரானாலும், அடுப்பு எரியாத வீட்டுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டும், என் தங்கை வெளியூர் விடுதிக்குப் போகாமல் வீட்டிலிருந்து வேலைக்குப் போக வேண்டும். ஆகையால் இப்போதே கேட்போம்:

சுற்றுவட்டார வாலிபர்களுக்கு முதலில் வேலை. எட்டு மணி நேரம். மாதாமாதம் முழுக் கூலி. முடிவில் மொத்தத் தொகை என்ற தந்திரம் கூடாது. வேலை ஒப்பந்தம் தமிழில், வீட்டுக்கு ஒரு நகல். விடுதி இருந்தால் வெளியே பூட்டு இருக்கக் கூடாது. சங்கம் சேர உரிமை.

இன்னொன்று தண்ணீர். சாயக் கழிவால் நொய்யல் கெட்டு, 2011ல் உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட வேண்டி வந்தது. முதலில் நிலம் போயிற்று, பிறகு தொழிலாளியின் வேலையும் போயிற்று. நம் கண்மாய்க்கும் வைப்பாற்றுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள், கழிவு எங்கே போகும் என்பதைக் கிராம சபையில் வாசிக்கட்டும்.

எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் என்கிறீர்களா? இதே கரிசல் சீமையில், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யைப் பாருங்கள். 1906ல் வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908ல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். ஒன்பது நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. கப்பலை நினைத்தவர் கூலிக்காரனை மறக்கவில்லை. அதுதான் தலைமை!

ஆனால் அந்த ஒன்பது நாளும் உறுதியாக நின்றவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் கலைந்திருந்தால் தலைவர் என்ன செய்திருக்க முடியும்? எனவே தலைவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இனி இந்த ஊரில் யாரும் அப்படிப் போட வேண்டாம்.